சயனோசன் மூலிகம் காட்டிய வெப்பநிலை

விண்மீன்களுக்கு இடைப்பட்ட வெளி முற்றும் வெறுமையானதன்று. அங்கே வாயு மிக ஐதாகப் பரந்து கிடக்கின்றது. அவ்வாயுவில் தனி அணுக்கள் உண்டு என்பதை இந்நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டின் தொடக்கத்திலேயே அறிஞர் ஒப்பினர். மூலக்கூறுகளோ எனின், விண்மீன்களின் ஊதாக்கடந்த கதிர்கள் அவற்றைச் சிதைத்துவிடும் ஆதலின், அங்கே நிலைபெறா என்றே பலரும் கருதினர்.

1937 இல் கலிபோர்ணியாவிலுள்ள மவுண்ட் வில்சன் வானாய்வகத்தில் விண்மீன் ஒளியின் நிறமாலையிலே இனந்தெரியாத மெல்லிய கருங்கோடுகள் சில காணப்பட்டன. அவற்றுள் ஒன்று காபன் அணுவொன்றும் ஐதரசன் அணுவொன்றும் சேர்ந்த மூலிகத்துக்கு உரியதாகலாம் என சுவிங்சு, உரோசன்பெல்டு என்போர் அவ்வாண்டே கூறினர். கனடாவின் விக்டோரியா நகர் வானாய்வகத்தில் பணிபுரிந்த அன்றூ மக்கெல்லர் 1940 இல் அதனை உறுதிப்படுத்தினார். காபனும் நைதரசனும் சேர்ந்த சயனோசன் மூலிகத்தின் கோட்டையும் இனங்கண்டார். எஞ்சிய கோடுகள் சில காபன்-ஐதரசன் நேரயனுக்கு உரியவை என்பதை 1941 இல் டக்ளசும் எர்சுபேக்கும் ஆய்வுகூடத்தில் நிறுவினர். (இவ்வயன் அங்கே இத்துணை மிகுதியாகத் தோன்றுவது எங்ஙனம் என்னும் வினா இன்றும் முற்றத் தீர்ந்தபாடில்லை.)

பூமியில் இம்மூலிகங்களைச் சுவாலையிலும் மின்வில்லிலும் கணப்பொழுதே காணலாம். எதிர்ப்படும் பொருளோடு உடனே தாக்கமுற்று மறைவது அவற்றின் இயல்பு. விண்ணிடையே எதிர்ப்படுவதற்குப் பொருள் அரிது. ஆதலின் அவை நெடுங்காலம் தனித்துலவுகின்றன.

மக்கெல்லர் இனங்காண்பதோடு அமைந்தாரல்லர். சயனோசன் மூலிகம் சுழலும் இயல்பினது. அதன் சுழற்சிச் சத்தி படிப்படியாகவே ஏறும். மிகத் தாழ்ந்த படியில் நிற்பனவும் அடுத்த படியில் நிற்பனவும் வெவ்வேறு கோடுகளைத் தரும். ஒபியூக்கசு விண்மீன் குழுவிலுள்ள சீற்றா விண்மீனின் நிறமாலையில் இவ்விரு கோடுகளின் செறிவை அடம்சு ஏறத்தாழ ஐந்துக்கு ஒன்று என மதிப்பிட்டார். அவ்விகிதத்தைக் கொண்டு மக்கெல்லர் 1941 இல் கணித்த வெப்பநிலை, தனிப்பூச்சியத்துக்கு மேல் 2.3 பாகை. அத்துணைக் குளிரிலும் சில மூலிகங்களைச் சுழற்றியது யாது?

அவ்வினாவை எவரும் விடாப்பிடியாகத் தொடரவில்லை. 1950 இல் வெளிவந்த தமது நூலில், இவ்வெப்பநிலைக்கு மிகக் குறுகிய பொருளே உண்டு என எர்சுபேக்கு எழுதினார். அவரைக் குறைகூறல் தகாது. இத்துணை ஐதான வாயுவில் ஒரு வெப்பநிலையைக் கணித்துவிட்டதனாலேயே அது முழு வெளிக்கும் உரியதென எவரும் துணிந்து கூறார். எனினும் அதற்கு இரண்டாண்டு முன்னரே, அண்டத்தின் வெப்பமான தொடக்கத்தின் எச்சமாக ஏறத்தாழ 5 பாகை வெப்பநிலையுடைய கதிர்வீச்சு எங்கும் நிறைந்திருத்தல் வேண்டும் என அல்பரும் எர்மனும் கணித்திருந்தனர். இரு கணிப்புகளையும் அருகருகே வைத்து நோக்கியவர் பிரெட் ஒயில். 1950 இல் காமோவின் கொள்கையைச் சார்ந்த நூலொன்றை மதிப்பிட்ட அவர், அக்கொள்கை தரும் வெப்பநிலை மக்கெல்லர் கண்டதினும் மிகையாதலைச் சுட்டி, அதனையே மறுப்பாகக் கொண்டார். சான்றைக் கையிலெடுத்தவரே அதனை எதிர்த்திசையிற் செலுத்தியமை வியப்புக்குரியது.

மக்கெல்லர் 1960 இல், ஐம்பதாம் வயதில் இறந்தார். 1965 இல் பென்சியாசும் வில்சனும் தமது வானொலி வாங்கியில் எத்திசையிலும் நீங்காத இரைச்சலொன்றைக் கண்டு, அது ஏறத்தாழ 3.5 பாகை வெப்பநிலைக்கு ஒத்த கதிர்வீச்சு என அறிவித்தனர். அதன்பின்னரே பழைய சயனோசன் கோடுகள் நினைவுக்கு வந்தன. சயனோசனை முதற்படியிலிருந்து அடுத்த படிக்கு உயர்த்துவது 2.6 மில்லிமீற்றர் அலைநீளமுள்ள கதிர். அண்டக் கதிர்வீச்சிலே அது நிரம்ப உண்டு. 1966 இல் பீல்டும் இச்சுகொக்கும், தனியே தடியசும் கிளவுசரும், அதே சீற்றா விண்மீனின் கோடுகளை மீளவும் ஆராய்ந்து ஏறத்தாழ 3 பாகை எனப் பெற்றனர்.

பென்சியாசும் வில்சனும் 1978 இல் நொபெல் பரிசு பெற்றனர். எர்சுபேக்கு 1971 இலேயே இரசாயனத்துக்கான பரிசைப் பெற்றிருந்தார். சிறப்பாக மூலிகங்களின் அமைப்பை ஆராய்ந்தமைக்காகவே அப்பரிசு அவருக்கு வழங்கப்பட்டது. செய்மதி அளவீடுகளால் இன்று கொள்ளப்படும் பெறுமானம் 2.725 பாகை.