எழுத்துக்கு முகம் வந்த வரலாறு



நேருக்கு நேர் நின்று உரையாடும் இருவரிடையே சொல் மட்டும் செல்வதில்லை. புருவத்தின் நெரிப்பும், இதழோரத்துப் புன்னகையும், குரலின் ஏற்றத் தாழ்வும் சொல்லோடு கூடவே செல்கின்றன. உள்ளத்து உணர்ச்சி உடலிற் புலப்படுவதை மெய்ப்பாடு என்றனர் நம் இலக்கண நூலார். தாளில் எழுதிய சொல்லுக்கு உடலில்லை. ஆதலின் மெய்ப்பாடும் இல்லை. அக்குறையை நீக்கப் பிறந்தவையே இன்று கைத்தொலைபேசிகளிற் காணப்படும் உணர்ச்சிக் குறிகள். அவை பிறந்து வளர்ந்த வரலாற்றைச் சிறிது நோக்குவோம்.

1881ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில், அமெரிக்காவில் வெளிவந்த ‘பக்’ என்னும் நகைச்சுவைச் சஞ்சிகை, அச்செழுத்துக்களைக் கோத்தே நான்கு முகங்களை அமைத்துக் காட்டியது. மகிழ்ச்சி, துயரம், அசட்டை, வியப்பு என்பன அவை. ஆறாண்டுகளின் பின் அம்புரோஸ் பியர்ஸ் என்னும் எழுத்தாளர், நகைச்சுவையான வாக்கியத்தின் இறுதியில் சிரிக்கும் வாய்போல் வளைந்த ஒரு குறியை இடலாம் என்றார். இரண்டும் வேடிக்கையாகவே கொள்ளப்பட்டன. உலகம் அவற்றைக் கைக்கொள்ளவில்லை. கடிதம் எழுதுபவனுக்கு ஆற அமரச் சிந்திக்க நேரமிருந்தது. படிப்பவனும் பெரும்பாலும் அவனை அறிந்தவனாகவே இருந்தான். எனவே அக்காலத்தில் அத்தகைய குறிக்கு அவசியம் நேரவில்லை.

கணனி வந்தபின் நிலைமை மாறியது. பேச்சைப் போல் விரைந்து செல்லும் எழுத்து, முன்பின் அறியாத பலருடைய பார்வைக்கு ஒருங்கே வந்தது. 1982ஆம் ஆண்டு செப்டெம்பரில் அமெரிக்காவின் பிற்ஸ்பேர்க் நகரிலுள்ள கார்னெகி மெலன் சர்வகலாசாலையில் ஒரு சம்பவம் நிகழ்ந்தது. அறுந்து விழும் மின்னுயர்த்தி ஒன்றினுள் இருக்கும் பாதரசத் துளிக்கும் எரியும் மெழுகுதிரிக்கும் யாது நேரும் என்ற பௌதிகப் புதிர் அங்குள்ள கணனி அறிவித்தற் பலகையில் விவாதிக்கப்பட்டது. ஒருவர், மின்னுயர்த்தி ஒன்று பாதரசத்தால் மாசுற்றுவிட்டதென விளையாட்டாக எழுதினார். முன்னைய விவாதத்தை அறியாதோர் அதனை மெய்யான எச்சரிக்கையென்றே நம்பினர். பகடியை அடையாளங் காட்ட ஒரு குறி வேண்டுமென்ற பேச்சு இதன்பின் எழுந்தது. நட்சத்திரக் குறி முதலியன முன்மொழியப்பட்டன. செப்டெம்பர் 19ஆந் திகதி முற்பகல் 11.44 மணிக்கு ஸ்கொற் ஃபால்மன் என்னும் கணனி அறிஞர், முக்காற்புள்ளி, சிறுகோடு, மூடும் அடைப்புக்குறி ஆகிய மூன்றையும் அடுத்தடுத்து இட்டு, அதனைப் பக்கவாட்டிற் பார்க்குமாறு எழுதினார். சிரிக்கும் முகம் ஒன்று தோன்றியது. விளையாட்டல்லாதவற்றுக்கு அடைப்பை மறுபுறந் திருப்பி, வாடிய முகத்தையும் தந்தார். அந்த மூலச் செய்தி நெடுங்காலம் மறைந்து கிடந்தது. பழைய காந்த நாடாக்களைத் தேடி 2002ஆம் ஆண்டிலேதான் அதனை மீட்டனர்.

யப்பானியர் தனிவழி சென்றனர். 1980களின் நடுப்பகுதியில் அங்கெழுந்த முகங்களைத் தலை சாய்த்துப் பார்க்க வேண்டியதில்லை. அவை நிமிர்ந்து நின்றன. அன்றியும், மேனாட்டுக் குறியில் வாயின் வளைவே உணர்ச்சியைக் காட்ட, யப்பானியர் குறியிற் கண்களே அதனைக் காட்டின.

எழுத்தாலான முகம் ஓவியமாக மாறியதும் யப்பானிலேயே. 1997ஆம் ஆண்டில் ஒரு கைத்தொலைபேசியில் தொண்ணூறு சிறு படங்கள் இடம்பெற்றன. 1999இல் டொக்கோமோ நிறுவனத்தைச் சேர்ந்த சிகேட்டக்கா குரிட்டா 176 படங்களை அமைத்தார். ஒவ்வொன்றும் பன்னிரண்டுக்குப் பன்னிரண்டு புள்ளிகளுள் அடங்கியது. வானிலை, வாகனம் முதலிய படங்களே மிகுதி. முகங்கள் மிகச் சிலவே. இவற்றை ‘எமோஜி’ என்பர். யப்பானிய மொழியில் ‘எ’ என்பது படம், ‘மோஜி’ என்பது எழுத்து. உணர்ச்சியைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லுடன் இதன் ஒலி ஒத்திருப்பது தற்செயலே. 2010இல் யுனிகோட் என்னும் பொதுக் குறியீட்டு முறையில் இவை இடம்பெற்றதன்பின், ஒரு நாட்டுக் குறிகள் உலகக் குறிகளாயின.

ஐயத்தை நீக்க எழுந்த குறியே பின்னர் ஐயத்துக்கு இடமாயிற்று. கனடாவின் சஸ்காச்சுவான் மாகாணத்தில், 2021ஆம் ஆண்டு தானியக் கொள்வனவாளர் ஒருவர் ஆளிவிதை வாங்கும் ஒப்பந்தத்தைப் படம்பிடித்து விவசாயி ஒருவருக்கு அனுப்பினார். விவசாயி உயர்த்திய பெருவிரலின் படத்தை மறுமொழியாக அனுப்பினார். ஆளிவிதை வந்து சேரவில்லை. ஒப்பந்தம் கிடைத்தது என்பதே தன் கருத்தென்றார் விவசாயி. அவர் ஒப்புக்கொண்டார் என்றே தாம் கருதியதாகக் கொள்வனவாளர் வாதித்தார். முன்னைய ஒப்பந்தங்களுக்கு அவ்விவசாயி ஓரிரு சொற்களில் விடைதந்து தானியத்தைக் கொடுத்துவந்ததை நீதிபதி கருத்திற் கொண்டார். 2023ஆம் ஆண்டில் அப்பெருவிரற் படம் கையொப்பத்துக்கு நிகரெனத் தீர்ப்பாயிற்று. விவசாயி செலுத்தவேண்டிய நட்டஈடு எண்பத்தீராயிரம் கனேடிய டொலருக்கு மேற்பட்டது. 2024இல் மேன்முறையீட்டு நீதிமன்றமும் அத்தீர்ப்பை உறுதிப்படுத்தியது.

முகத்தைக் கண்டு பேசுகையில், நம் சொல் தவறாக விளங்கப்படுவதை எதிரே நிற்பவரின் பார்வையே காட்டிவிடும், உடனே திருத்திக்கொள்ளலாம். படத்தில் வரைந்த முகமோ நம்மை நோக்குவதில்லை. அனுப்பியவன் கருதியது ஒன்றாகவும் பெற்றவன் கொண்டது வேறாகவும் இருப்பினும் அது சிரித்துக்கொண்டேயிருக்கும். ஆகவே அன்பையும் நகையையும் அறிவிக்கக் குறி போதுமாயினும், வாக்குக் கொடுக்குமிடத்தும் வாக்கை மறுக்குமிடத்தும் தெளிந்த சொல்லையே நாடுவது நன்று.