டி.கே.சி. வீட்டுக்கு வந்த இரண்டு கட்சிக்காரர்கள்

அரசியலில் எதிரும் புதிருமாக இருந்துகொண்டே நேசிக்க முடியுமா என்று பேச்சு வந்தால், நாம உடனே சொல்றது பெரியார் - ராஜாஜி கதையைத்தான். 1972 டிசம்பரில் ராஜாஜி இறந்தபோது பெரியார் சக்கர நாற்காலியில் வந்து அழுதார். ஆனா அது இரண்டு பெருந்தலைவர்களின் ஆயுள்கால நட்பு. நமக்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்கக்கூடிய வேறொரு உதாரணம் குற்றாலத்தில் இருக்கு.

ரசிகமணி டி.கே. சிதம்பரநாத முதலியார் தென்காசிக்காரர். சட்டம் படித்தவர், சென்னை சட்ட மேலவை உறுப்பினராக இருந்தவர், இந்து அறநிலைய வாரியத்தில் ஆணையராகவும் இருந்தவர். அந்தப் பதவிகளுக்காக இன்று யாரும் அவரை நினைப்பதில்லை. திருநெல்வேலியில் அவர் வீட்டில் கூடிய ‘வட்டத்தொட்டி’யையும், பிறகு குற்றாலத்தில் அவர் நடத்திய விருந்தோம்பலையும்தான் நினைக்கிறோம். ஒரே கம்பன் பாட்டைத் திரும்பத் திரும்பச் சொல்லி ரசிப்பார். வந்தவர்களுக்குச் சாப்பாடும் உண்டு, பாட்டும் உண்டு.

அப்படி வந்தவர்களில் ஒருவர் ராஜாஜி. 1952இல் முதலமைச்சரானதும், கம்யூனிஸ்டுகளே தன் முதல் எதிரி என்று வெளிப்படையாகச் சொன்னவர் அவர்.

இன்னொருத்தர் கோவில்பட்டிப் பக்கத்து இடைசெவல் கிராமத்து விவசாயி, கி. ராஜநாராயணன். கம்யூனிஸ்ட் கட்சிக்காரர். விவசாயிகள் போராட்டத்தில் சிறைக்குப் போனவர். இந்த கி.ரா.வும் தன்னை டி.கே.சி.யின் மாணவர் என்றே கடைசிவரைக்கும் சொல்லிக்கொண்டார்.

இரண்டு பேரும் ஒரே நாளில் அங்கே உட்கார்ந்து பேசினார்கள் என்று நான் சொல்லவரவில்லை. ஒரே வீட்டுக் கதவு இரண்டு பேருக்கும் திறந்திருந்தது, அவ்வளவுதான். இது சின்ன விஷயமில்லை. ஒருத்தர் அரசாங்கம். இன்னொருத்தர் அந்த அரசாங்கம் எதிரி என்று சொன்ன கட்சி.

அந்த வீட்டில் பொதுவாக இருந்த கம்பனும் சண்டைக்கு அப்பாற்பட்டவன் இல்லை என்பதைக் கவனிங்க. 1943இல் கம்பராமாயணத்தைக் கொளுத்த வேண்டும் என்று அண்ணாதுரை மேடையேறி வாதாடினார். ரா.பி. சேதுப்பிள்ளையும் சோமசுந்தர பாரதியாரும் எதிர்த்து வாதாடினார்கள். இன்னொரு பக்கம், சுயமரியாதை இயக்கத்திலிருந்து பொதுவுடைமைக்கு வந்த ஜீவா, காங்கிரஸ்காரரான சா. கணேசன் 1939இல் தொடங்கிய காரைக்குடிக் கம்பன் கழக மேடையில் கம்பனைக் கொண்டாடிப் பேசினார். ஆக, ஒரே நூல் சிலரைப் பிரித்தது, சிலரைச் சேர்த்தது. நூல் தானாக யாரையும் சேர்த்துவிடாது. சேர்த்துவைக்க ஒரு ஆள் வேணும்.

டி.கே.சி. செய்தது அதைத்தான். இதனால் அரசியல் மாறிவிட்டதா? இல்லை. ராஜாஜி கம்யூனிஸ்ட் எதிர்ப்பைக் கைவிடவில்லை, கி.ரா.வும் டி.கே.சி.க்காகக் கட்சியை விட்டு வரவில்லை. அன்புக்கு அந்த வேலையைக் கொடுக்கவும் கூடாது. எதிராளியை நம்ம பக்கம் இழுக்கத்தான் அன்பு என்றால், அதுக்குப் பேரு பிரச்சாரம்.

எதிரிகள் இருவரும் நேரடியாக ஒருத்தரை ஒருத்தர் நேசிப்பது அபூர்வம். இருவரையும் நேசிக்கிற மூன்றாவது ஆள் ஒருத்தர் இருந்தால், எதிராளியும் ஒரு பாட்டுக்குக் கண்கலங்குகிற மனுஷன்தான் என்ற செய்தியாவது அவர் வழியாகப் போய்ச் சேரும்.

1954 பிப்ரவரியில் டி.கே.சி. காலமானார். அப்போதும் ராஜாஜிதான் முதலமைச்சர். நம்ம குடும்பங்களில், ஊர்களில், இரண்டு பக்கத்தாரும் கூச்சமில்லாமல் போய் உட்காரக்கூடிய வீடு இன்று எத்தனை இருக்கு? எண்ணிப் பாருங்க.