கோடியக்கரை பறவை வளையமிடல்

கோடியக்கரை பறவை வளையமிடல், நாகப்பட்டினம் மாவட்டம் கோடியக்கரையில் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் மேற்கொண்டுவரும் பறவை ஆய்வு. வலசைப் பறவைகளைப் பிடித்து, காலில் எண்ணிட்ட வளையம் அணிவித்துப் பறக்கவிடுவது இதன் முறை. கர்நாடகத்தில் தோன்றிய ஒரு காய்ச்சலின் காரணத்தைத் தேடிய பணியின் தொடர்ச்சி இது. நாடாளுமன்றக் குழுவின் விசாரணைக்கும் உள்ளாகியது.

பின்புலம்

1899-ல் டென்மார்க்கின் பள்ளி ஆசிரியர் ஹான்ஸ் கிறிஸ்டியன் மார்ட்டென்சன் பறவைகளுக்கு எண்ணும் முகவரியும் பொறித்த அலுமினிய வளையங்களை அணிவித்தார். பறவை வளையமிடல் அறிவியல் முறையாக வளர்ந்தது அதன் பின்னரே. இந்தியாவில் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் 1927-ல் தார் சமஸ்தானத்தின் உதவியுடன் இதைத் தொடங்கியது. அன்று கவனம் பெற்றவை வேட்டைக்குரிய வாத்துகளே. கதிர்க்குருவி, வாலாட்டி போன்ற சிறு பறவைகள் கருதப்படவில்லை.

காய்ச்சலும் பறவைகளும்

1957-ல் கர்நாடகத்தின் ஷிமோகா மாவட்டம் கியாசனூர் காட்டில் குரங்குகள் இறந்தன. மக்களும் காய்ச்சலுக்குப் பலியாயினர். புனேயின் வைரஸ் ஆராய்ச்சி மையம் கண்டறிந்த கிருமி, ரஷ்யாவில் உண்ணிகள் பரப்பும் மூளைக்காய்ச்சல் கிருமிக்கு உறவுடையதாக இருந்தது. வடக்கிலிருந்து வரும் வலசைப் பறவைகள் உண்ணிகளைச் சுமந்து வந்திருக்குமோ என்ற ஐயம் எழுந்தது. இதை ஆராய உலக சுகாதார நிறுவனம் நிதியளித்தது. 1959 முதல் சாலிம் அலி தலைமையில் பெரிய அளவில் வளையமிடல் நடந்தது. பறவைகள் நோயைக் கொண்டுவந்தன என்பது உறுதிப்படவில்லை. அந்தக் காட்டிலேயே வாழும் உண்ணிகள் நோயைப் பரப்புவது தெரியவந்தது.

கோடியக்கரை

கிழக்குக் கடற்கரை கோடியக்கரையில் சட்டென்று மேற்கே திரும்புகிறது. கரையோரமாகத் தெற்கே வரும் பறவைகளுக்கு எதிரே கடல். அப்பால் இலங்கை. அதனால் ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் இங்குள்ள உலர் பசுமைமாறாக் காட்டில் சிறு பறவைகள் இறங்கித் தங்குகின்றன. இமயமலை அடிவாரத்திலிருந்து வரும் ஆறுமணிக்குருவி, கொடிக்கால் வாலாட்டி, நாணல் கதிர்க்குருவி, ஈப்பிடிப்பான் ஆகியவை அவற்றுள் சில. 1960களின் இறுதியில் கழகம் இங்கு வளையமிடும் முகாம்களை நடத்தத் தொடங்கியது.

புதர்களுக்கிடையே கட்டப்படும் மெல்லிய நைலான் வலையில் சிறு பறவைகள் சிக்குகின்றன. இனம், வயது, எடை, இறக்கை நீளம் ஆகியவற்றைக் குறித்துக்கொண்டு வளையம் அணிவிக்கின்றனர். பீகாரின் மீர்ஷிகார் என்னும் பறவை பிடிக்கும் சமூகத்தைச் சேர்ந்த அலி ஹுசைன் இப்பணியில் புகழ்பெற்றவர். உணவுக்காகவும் விற்பனைக்காகவும் பறவை பிடித்த பரம்பரைத் திறமை, அவற்றைக் காயமின்றிப் பிடித்து விடுவிக்கப் பயன்பட்டது.

விவாதம்

1960களில் இந்த ஆய்வுக்கு அமெரிக்க ராணுவத்தின் நிதியும் கிடைத்தது. எலியட் மெக்ளூர் தலைமையில் ஆசிய நாடுகள் பலவற்றில் நடந்த அத்திட்டத்தில் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட பறவைகள் வளையமிடப்பட்டன. பறவைகளின் பாதையும் அவை சுமக்கும் கிருமிகளும் தெரிந்தால் அந்த அறிவு கிருமிப் போருக்கு உதவக்கூடும் என்று 1974-ல் இதழ்களில் குற்றச்சாட்டு எழுந்தது. நாடாளுமன்றப் பொதுக்கணக்குக் குழு, இந்திய ஆய்வுகளில் வெளிநாட்டுப் பங்கேற்பை விசாரித்தபோது இத்திட்டத்தையும் ஆராய்ந்தது. சாலிம் அலி குற்றச்சாட்டை மறுத்தார். பறவைகளை அறிய வந்த பணத்தின் நோக்கம் என்ன, திரட்டிய தகவல் யாருக்கு உரியது என்ற கேள்விகள் இந்திய அறிவியல் துறையில் பேசப்பட்டன.

மீட்சியும் பங்களிப்பும்

1980-ல் கழகம் கோடியக்கரையிலும் ராஜஸ்தானின் பரத்பூரிலும் விரிவான ஆய்வைத் தொடங்கியது. எஸ். பாலச்சந்திரன் கோடியக்கரையில் பல பத்தாண்டுகள் இப்பணியை முன்னெடுத்தார். நோய் பற்றிய கேள்வியைக் கடந்து, பறவைகள் எப்போது வருகின்றன, எவ்வளவு காலம் தங்குகின்றன, எத்தனை ஆண்டு வாழ்கின்றன என்பவை ஆராயப்பட்டன.

வளையமிட்ட பறவைகளில் மீண்டும் கிடைப்பவை மிகச் சில. அவற்றின் மதிப்பு அதனாலேயே கூடுகிறது. வேலூர், ஆம்பூர் பகுதி ஏரிகளில் குளிர்காலத்தில் இறங்கும் வாலாட்டியின் காலிலும் இத்தகைய வளையம் இருக்கலாம். இறந்து கிடக்கும் பறவையின் வளைய எண்ணைக் கழகத்துக்குத் தெரிவிப்பவர், அதன் பயணக் கணக்கின் மறுமுனையை நிரப்புகிறார்.