செப்பேட்டில் ஒன்று, சட்டத்தில் இரண்டு

திருவாலங்காடு என்றதும் காரைக்கால் அம்மையாரும் இரத்தின சபையும் நினைவுக்கு வருவது இயல்பு. வரலாற்று ஆர்வலர்களுக்கோ, 1905-ஆம் ஆண்டு வெளிப்பட்ட முதலாம் இராசேந்திர சோழரின் செப்பேடுகளே முதலில் நினைவுக்கு வரும். பழையனூரை ஆலங்காட்டு இறைவனுக்குத் தேவதானமாக அளித்த ஆவணம் அது. கங்கை நீரைக் கொணர்ந்து, சோழகங்கம் என்னும் ஏரியை நீராலான வெற்றித்தூணாக மன்னர் நிறுவியதை அதன் வடமொழிப் பகுதி புகழ்கிறது. அறிஞர்கள் பலரும் அங்கேயே நின்றுவிடுவார்கள். நமக்கு அதைவிடச் சுவையானவை, சோழர் கொடை ஆவணங்களில் இறைவிலக்கோடு சேர்ந்துவரும் நீர் பற்றிய விதிகள்.

ஒதுக்கிய நீரின் அளவுக்கேற்ப வாய்க்கால் வெட்டிக்கொள்ளலாம். பிறர் அதில் குற்றேத்தம் இடவோ கூடையால் இறைக்கவோ கூடாது. இது மேற்பரப்பு நீர். அதே மூச்சில், துரவும் கிணறும் தோண்டிக்கொள்ளும் உரிமையும் தரப்படும். இது நிலத்தடி நீர். ஆற்றுநீரைப் போலவே கிணறும் கொடையாகப் பெறவேண்டிய ஓர் உரிமையாக எழுதப்பட்டிருக்கிறது என்பதே நாம் கவனிக்க வேண்டியது.

பிரித்தது ஆங்கிலேயர் சட்டம். சென்னை மாகாணத்தில் தொடக்கத்திலேயே நடைமுறைக்கு வந்த 1882-ஆம் ஆண்டின் வசதியுரிமைச் சட்டம், ஆறுகளிலும் ஓடைகளிலும் ஓடும் நீரை ஒழுங்குபடுத்தும் அதிகாரத்தை அரசிடமே விட்டுவைத்தது. வரையறுத்த தடத்தில் ஓடாத நிலத்தடி நீரையோ, தன் எல்லைக்குள் எடுத்துக்கொள்ளும் உரிமையை நிலவுடைமையாளருக்கு அளித்தது. கண்ணுக்குத் தெரிந்தது அரசுக்கு, தெரியாதது பட்டாதாரருக்கு! மழைநீரே ஏரியிலும் ஆற்றுமணலிலும் ஊறி இறங்கிக் கிணற்றில் சுரக்கிறது என்பது எந்த உழவருக்கும் தெரியும். சட்டத்துக்குத்தான் தெரியவில்லை.

விளைவைக் கொசத்தலையாற்றுப் படுகையிலேயே காணலாம். ஆற்றின் மேற்பரப்பு நீரைத் தேக்கிச் சென்னைக்கு அனுப்ப 1944-இல் பூண்டி நீர்த்தேக்கம் அமைந்தது. அது போதாமல், 1960-களிலிருந்து தாமரைப்பாக்கம், பஞ்செட்டி, மீஞ்சூர்ப் பகுதிகளில் ஆழ்துளைக் கிணறுகள் இறங்கின. வயல்களுக்கும் அதே நிலத்தடியிலிருந்துதான் நீர் இறைக்கப்பட்டது. ஏரி வற்றினால் ஊரே பார்க்கும். நிலத்தடி வற்றுவதை யார் பார்ப்பது? நீர்மட்டம் கடல்மட்டத்துக்கும் கீழே இறங்க, மீஞ்சூர்ப் பக்கம் கடல்நீர் உள்ளே புகுந்து கிணறுகள் உவர்ந்தன. ஒருமுறை உவர்ந்த நிலத்தடி, ஒரு நல்ல மழையில் ஏரி நிரம்புவதுபோல் மீண்டுவிடாது.

1987-இல் சென்னைப் பெருநகர்ப் பகுதிக்கென ஒரு நிலத்தடி நீர்ச் சட்டம் வந்தது. சோழர் காலத்தைப் போலவே, கிணறு தோண்ட மீண்டும் அனுமதி கேட்கவேண்டியதாயிற்று. மாநிலம் முழுமைக்குமாக 2003-இல் இயற்றப்பட்ட சட்டமோ, நடைமுறைக்கு வராமலே 2013-இல் நீக்கப்பட்டது.