கன்ஜிப்: திறக்கத் தெரியும், மூடத் தெரியாது

இந்த எபிசோட் ஒரு சின்ன கமாண்டைப் பத்தி. பேரு கன்ஜிப். லினக்ஸ் டெர்மினல்ல வேலை பார்க்கிறவங்க எல்லாரும் ஒரு தடவையாவது அடிச்சிருப்பீங்க.

நான் வேலைக்குச் சேர்ந்த முதல் வருஷம். ஒரு பழைய யூனிக்ஸ் சர்வரை மூடப்போறாங்க, அதுல இருக்கிற பேக்கப்பை எடுத்துக் கொடுக்கிற வேலை புதுசா வந்த பையன் தலையில விழுந்தது. ஃபைல் எல்லாமே டாட் டார் டாட் இசட்னு முடியுது. பெரிய இசட். அது என்னன்னே எனக்குத் தெரியாது. சும்மா கன்ஜிப் போட்டுப் பார்த்தேன், ஒரு வார்த்தை பேசாம விரிச்சுக் கொடுத்துருச்சு. சரி, ஒரு ஃபைல்ல ரெண்டு வரி திருத்திட்டு அதே வடிவத்துல திருப்பி அனுப்பணும், ஏன்னா அந்தப் பக்கம் இருக்கிற ஸ்கிரிப்ட் அதைத்தான் எதிர்பார்க்குது. ஜிஜிப் மேனுவலை மேலேர்ந்து கீழ வரைக்கும் தேடினேன். டாட் இசட் உருவாக்க ஒரு ஆப்ஷன்கூட இல்லை. ஏன்டா, திறக்கத் தெரிஞ்ச உனக்கு மூடத் தெரியாதா?

பக் என்றுதான் நினைத்தேன். பக் இல்லை. தெரிந்தே எடுத்த முடிவு அது. அதற்குக் காரணம் ஒரு காப்புரிமை.

கதை இஸ்ரேலில் தொடங்குகிறது. ஆப்ரஹாம் லெம்பெல், ஜேக்கப் சிவ் என்ற இரண்டு பேராசிரியர்கள் 1977இலும் 1978இலும் இரண்டு கட்டுரைகள் வெளியிட்டார்கள். ஏற்கெனவே வந்த ஒரு துண்டு மறுபடி வந்தால் அதைத் திரும்ப எழுதாமல், முன்பு வந்த இடத்தைச் சுட்டிக்காட்டினால் போதும் என்பது முதல் கட்டுரையின் யோசனை. வந்த துண்டுகளை எல்லாம் ஒரு அகராதியில் சேர்த்து எண் கொடுத்துக்கொண்டே போகலாம் என்பது இரண்டாவது. இன்றைக்கு நாம் பயன்படுத்தும் கம்ப்ரெஷனில் பெரும்பகுதி இந்த இரண்டு குடும்பங்களில் ஏதோ ஒன்றின் வாரிசு.

இரண்டாவது யோசனையை எளிமையாக்கி, வேகமாக ஓடும்படி செய்தவர் ஸ்பெர்ரி நிறுவனத்தில் வேலை பார்த்த டெர்ரி வெல்ச். மூணு பேரோட முதலெழுத்தும் சேர்ந்துதான் எல்இசட்டபிள்யூ. இது எனக்கு ரொம்பப் பிடிச்ச அல்காரிதம், அதனால கொஞ்சம் நின்னு சொல்றேன்.

'கடகடகட'ன்னு ஆறு எழுத்து இருக்குன்னு வெச்சுக்கோங்க. அகராதியில ஆரம்பத்துல ரெண்டே பதிவு: க-வுக்கு 1, ட-வுக்கு 2. முதல் எழுத்து க. 1-ன்னு எழுதுறோம், கூடவே 'கட'ங்கிறதை 3-ஆம் எண்ணா அகராதியில சேர்க்கிறோம். அடுத்து ட. 2 எழுதுறோம், 'டக'ங்கிறது 4. அடுத்து வர்றது 'கட', அதுதான் ஏற்கெனவே இருக்கே! 3 எழுதினாப் போதும். மிச்சம் இன்னொரு 'கட', இன்னொரு 3. ஆறு எழுத்து நாலு எண்ணா முடிஞ்சது: 1, 2, 3, 3. இதுல அழகு என்னன்னா, அகராதியை யாரும் அனுப்பவே வேண்டாம். விரிக்கிறவர் எண்களைப் படிச்சுக்கிட்டே அதே அகராதியைத் தானா கட்டிக்கிறார். 1, 2 படிச்சு முடிக்கும்போதே அவர்கிட்டயும் 3 தயாரா இருக்கும்.

வெல்ச் இதற்குக் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்தது 1983 ஜூன் 20. ஒரு வருஷம் கழித்து, 1984 ஜூனில், ஐஇஇஇ-யின் 'கம்ப்யூட்டர்' இதழில் செய்முறையோடு கட்டுரையாகவும் எழுதினார். அதைப் படித்த ஸ்பென்சர் தாமஸ் என்பவர் அதே வருஷம் யூனிக்ஸுக்கு ஒரு நிரல் எழுதி எல்லோருக்கும் கொடுத்தார். பெயர் கம்ப்ரெஸ். அது உருவாக்கும் ஃபைலின் வால்தான் அந்தப் பெரிய இசட். யூனிக்ஸ் உலகம் முழுக்க அது பரவியது.

அந்தக் காலத்து அமெரிக்க சட்டப்படி, காப்புரிமை விண்ணப்பம் ஏற்கப்படும்வரை ரகசியம். கட்டுரை கடையில் கிடைக்கும். அதற்குப் பின்னால் ஒரு விண்ணப்பம் காத்திருப்பது வெளியே யாருக்கும் தெரியாது. 1985 டிசம்பரில் காப்புரிமை கிடைத்தபோது கம்ப்ரெஸ் ஏற்கெனவே ஊரெல்லாம் ஓடிக்கொண்டிருந்தது. 1986இல் ஸ்பெர்ரியும் பரோஸும் இணைந்து யூனிசிஸ் ஆனதும், காப்புரிமையும் யூனிசிஸ் கைக்குப் போனது. 1987இல் கம்ப்யூசர்வ் தன் ஜிஃப் படங்களுக்கு இதே முறையை எடுத்துக்கொண்டது. வெல்ச் 1988இல் இறந்துவிட்டார். பின்னால் நடந்த சண்டை எதையும் அவர் பார்க்கவில்லை.

ஒரு காமெடி கேளுங்க. ஏறக்குறைய இதே முறைக்கு ஐபிஎம்-காரங்க ரெண்டு பேரும் விண்ணப்பிச்சிருந்தாங்க, வெல்ச்சுக்கு மூணு வாரம் முன்னாடி. 1989இல் அவர்களுக்கும் காப்புரிமை கொடுத்துட்டாங்க! ஒரே வீட்டுக்கு ரெண்டு பத்திரம்.

கட்டற்ற மென்பொருள் எழுதிய க்னூ திட்டக்காரர்களால் கம்ப்ரெஸைத் தொட முடியவில்லை. மாற்றாக ஒரு நிரலை வெளியிடத் தயாராக இருந்த நேரத்தில், அதற்கும் ஒரு காப்புரிமை வந்துவிட்டதை நியூயார்க் டைம்ஸின் காப்புரிமைப் பத்தியில் பார்த்ததாக ரிச்சர்ட் ஸ்டால்மன் பல மேடைகளில் சொல்லியிருக்கிறார். நாம எழுதின கோடை நாமளே வெளியிடலாமான்னு பேப்பரைப் பார்த்துத் தெரிஞ்சுக்கிற நிலைமை. யோசிச்சுப் பாருங்க.

வழி கிடைத்தது வேறு திசையிலிருந்து. மில்வாக்கியைச் சேர்ந்த ஃபில் காட்ஸ் தன் பிகேஜிப் மென்பொருளுக்காக வடிவமைத்த டிஃப்லேட் என்ற முறை. அதன் வேர் 1977 கட்டுரை, 1978 அல்ல. 32 கேபி தூரம் வரை பின்னால் பார்த்து, வந்த துண்டைச் சுட்டிக்காட்டும். அதன் மேல் ஹஃப்மன் குறியீடு. எல்இசட்டபிள்யூ காப்புரிமை இதைத் தொடாது. ஜிப் வடிவத்தின் விவரத்தையும் காட்ஸ் எழுதி வெளியிட்டிருந்தார். அவரும் காயம் பட்டவர்தான். 1988இல் ஆர்க் என்ற மென்பொருளின் நிறுவனம் அவர் மேல் வழக்குப் போட்டது. அதுக்காக அவரைத் தியாகி ஆக்கிட வேண்டாம், அவரும் தன் சுருக்கும் உத்தி ஒன்றுக்குக் காப்புரிமை வாங்கி வைத்திருந்தார். அந்த உத்தியை மிதிக்காமலே டிஃப்லேட் ஃபைலை உருவாக்க முடியும் என்பதுதான் எல்லோரையும் காப்பாற்றியது.

அதைச் செய்து காட்டியவர்கள் பிரான்சின் ஜான்-லூ கைய்யியும் அமெரிக்காவின் மார்க் ஆட்லரும். சுருக்கும் பகுதி கைய்யி, விரிக்கும் பகுதி ஆட்லர். 1992 அக்டோபர் 31 அன்று ஜிஜிப்பின் முதல் பதிப்பு வந்தது. ஆட்லர் பிறகு நாசாவில், செவ்வாய்க்குப் போன ஸ்பிரிட் ரோவர் திட்டத்தில் மேலாளராக இருந்தார்.

இப்ப என் டாட் இசட்டுக்கு வருவோம். கம்ப்ரெஸ்ஸை ஓரங்கட்டணும்னா, ஏற்கெனவே உலகம் முழுக்கக் கிடக்கிற டாட் இசட் ஃபைல்களைத் திறக்கத் தெரியணும். இல்லன்னா யார் மாறுவாங்க? காப்புரிமையின் பிடி சுருக்குவதில்தான் என்பது அவர்கள் எடுத்துக்கொண்ட நிலை. அதனால் விரிக்கும் கோடை மட்டும் உள்ளே வைத்தார்கள். சுருக்கும் பாதியை எழுதவே இல்லை.

பயம் வீண் போகவில்லை. 1994 டிசம்பரில் ஜிஃப் உருவாக்கும் மென்பொருள்களுக்கு உரிமம் வேண்டும் என்று அறிவிப்பு வந்தது. அந்தக் கோபத்தில் பிறந்ததுதான் பிஎன்ஜி, அதற்குள்ளும் டிஃப்லேட்தான். 1999இல் சில இணையதளங்களிடம் ஆயிரக்கணக்கான டாலர் கேட்கும் அளவுக்குப் போனார்கள். கடைசியில் 2003 ஜூன் 20 அன்று அமெரிக்கக் காப்புரிமை காலாவதியானது.

அதுக்கப்புறமும் ஜிஜிப் டாட் இசட் உருவாக்கக் கத்துக்கல. தேவை போயிருச்சு, டிஃப்லேட் பொதுவா அதைவிட நல்லாவே சுருக்கும். நான் என்கம்ப்ரெஸ்ங்கிற தனி பேக்கேஜை இன்ஸ்டால் பண்ணி ஃபைலை அனுப்பி வெச்சேன்.

உங்க லேப்டாப்ல பழைய டாட் இசட் ஃபைல் ஏதாவது கிடைச்சா, பேரை டாட் ஜி இசட்னு மாத்திட்டு கன்ஜிப் போட்டுப் பாருங்க. அப்பவும் திறக்கும். அது பேரைப் பார்த்து முடிவு பண்றதில்லை, முதல் ரெண்டு பைட்டைப் பார்க்குது. 1எஃப் 8பி-ன்னா தன் பிள்ளை. 1எஃப் 9டி-ன்னா வெல்ச்சோடது.