பறவைகளுக்கு ஒரு கோதிக் மண்டபம்

ஆழ்வார்திருநகரிக்கு அருகே ஸ்ரீவைகுண்டம் கோயிலில் காவலிருந்த கும்பினிச் சிப்பாய்களைப் பாஞ்சாலங்குறிச்சி ஊமைத்துரையின் படை முற்றுகையிட்ட 1801ஆம் ஆண்டில், கவர்னர் ஜெனரல் வெல்லெஸ்லி பிரபுவின் மனம் வங்காளத்தில் ஒரு பூங்காவின்மீது இருந்தது என்பதை அறிந்தால்தான் அந்தப் போரின் கொடுமை முழுதாக விளங்கும். கல்கத்தாவுக்கு வடக்கே, ஹூக்ளி நதிக்கரையில் உள்ள பாரக்பூரில், படைத்தலைவர் தங்கிவந்த மாளிகையை அவ்வாண்டு தம் வசமாக்கிக்கொண்ட வெல்லெஸ்லி, அதைச் சூழ்ந்த நிலத்தை இங்கிலாந்துப் பிரபுக்களின் பூங்காக்களைப்போலத் திருத்தி, விலங்குக் காட்சிச்சாலை ஒன்றையும் நிறுவினார்.

அக்காட்சிச்சாலையின் பறவை மண்டபம் கோதிக் பாணி முகப்புடன் எழுந்தது. கோதிக் என்பது 12ஆம் நூற்றாண்டில் வட பிரான்சில் தோன்றிய, உச்சி கூர்ந்த வளைவுகளையுடைய தேவாலயக் கட்டடக்கலை. நெடுங்காலம் வழக்கொழிந்திருந்த அதை, 18ஆம் நூற்றாண்டில் ஹொரேஸ் வால்போல் போன்ற ஆங்கிலேயச் செல்வர்கள் தம் வீடுகளுக்கு மீட்டெடுத்தபோது அது புதுக்கோதிக் ஆயிற்று. புதிய தோட்டத்துக்குப் பழங்காலச் சாயல் தருவதே பூங்கா மண்டபங்களில் அதன் வேலை. சார்லஸ் டாய்லி வரைந்த பாரக்பூர்க் காட்சிகளால் அக்காட்சிச்சாலை இன்றும் அறியப்படுகிறது.

அங்கே நடந்த ஒரு பணி மட்டும் போற்றத்தக்கது. ஸ்ரீரங்கப்பட்டணம் வீழ்ந்தபின் மைசூர், கொங்கு, மலபார் நாடுகளைச் சுற்றி ஆராய்ந்த பிரான்சிஸ் புக்கானன் என்ற மருத்துவர், இந்திய உயிரினங்களைத் திரட்டி, இந்திய ஓவியர்களைக்கொண்டு படமெழுதச் செய்தார். ஆனால் வெல்லெஸ்லியின் ஆடம்பரத்தைக் கண்டு அஞ்சிய கும்பினியின் லண்டன் இயக்குநர்கள் செலவுக்கு முட்டுக்கட்டை போட, 1805இல் வெல்லெஸ்லி தாயகம் திரும்பினார். அவர் பாரக்பூரில் தொடங்கிய பெரிய அரண்மனை நிறைவேறவேயில்லை. எஞ்சிய விலங்குகள் 1870களில் அலிப்பூர் விலங்குக் காட்சிச்சாலைக்குச் சென்றன.

புதுச்சுவருக்குப் பழமை பூசப் பணம் கொட்டிய இந்த ஆட்சிதான், 1801 மே 24இல் வீழ்ந்த பாஞ்சாலங்குறிச்சியின் உண்மையான மண்கோட்டையைத் தடமின்றித் தரைமட்டமாக்கி, அவ்வூர்ப் பெயரையும் ஆவணங்களிலிருந்து நீக்க முற்பட்டது. கலை ரசனையைக் காட்டி வெல்லெஸ்லியை உயர்த்தும் வரலாற்றாசிரியர்கள் இவ்விரண்டையும் ஒரே பக்கத்தில் எழுதுவதில்லை. எழுதியிருந்தால் அவருக்குக் கிடைத்த புகழில் பாதியும் நின்றிருக்காது.