அடிப்படைக் கட்டமைப்புக் கோட்பாடு

இந்திய நாடாளுமன்றம் அரசியல் சாசனத்தின் எந்தப் பிரிவையும் திருத்தலாம். ஆனால் சாசனத்தின் அடிப்படைக் கட்டமைப்பைச் சிதைக்க முடியாது. உச்ச நீதிமன்றம் வகுத்த நெறி இது. சாசனத்தில் 'அடிப்படைக் கட்டமைப்பு' என்ற சொல்லே கிடையாது. நாடாளுமன்றமும் நீதிமன்றமும் இருபது ஆண்டுகளுக்கு மேல் மல்லுக்கட்டியதில் பிறந்த கோட்பாடு இது.

அந்தப் பூசலின் தொடக்கங்களில் ஒன்று சென்னை. கல்லூரி இடங்களைச் சமூகவாரியாகப் பங்கிட்ட சென்னை அரசின் வகுப்புவாரி அரசாணையை, செண்பகம் துரைராஜன் வழக்கில் 1951 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் செல்லாது என்றது. ஜூனிலேயே முதல் சாசனத் திருத்தம் வந்து, பிற்படுத்தப்பட்டோருக்குத் தனி ஏற்பாடு செய்ய வழிவிட்டது. கூடவே ஒன்பதாம் அட்டவணையும் வந்தது. அதில் சேர்த்த சட்டத்தை அடிப்படை உரிமையைக் காட்டி எதிர்க்க முடியாது. 13 நிலச் சட்டங்களோடு தொடங்கிய அந்தப் பட்டியல் பிற்பாடு 284 வரை நீண்டது.

அடிப்படை உரிமைகளை நாடாளுமன்றம் குறைக்கவே முடியாது என்று 1967இல் கோலக்நாத் வழக்கு 6-5 என்ற கணக்கில் சொன்னது. அதை முறியடிக்க 1971இல் 24ஆவது திருத்தம் வந்தது.

காசர்கோடு அருகிலுள்ள எடநீர் மடத்தின் தலைவர் கேசவானந்த பாரதி, கேரள நிலச் சீர்திருத்தத்தை எதிர்த்துப் போட்ட வழக்கு இந்த இழுபறியின் நடுவில் சிக்கியது. 13 நீதிபதிகள் 68 நாட்கள் விசாரித்தார்கள். மடத்துக்காக நானி பல்கிவாலா வாதாடினார். 1973 ஏப்ரல் 24 அன்று 7-6 என்று தீர்ப்பு. எச்.ஆர்.கன்னாவின் கருத்தே தராசைச் சாய்த்தது: திருத்தும் அதிகாரம் பெரிது, ஆனால் சாசனத்தையே அழித்துவிடும் அளவுக்குப் பெரிதன்று.

அரசின் பதிலடி உடனே வந்தது. தலைமை நீதிபதி சிக்ரி ஓய்வுபெற்றதும், பணிமூப்பில் முன்னிருந்த மூவரைத் தாண்டி ஏ.என்.ரே அப்பதவியில் அமர்த்தப்பட்டார். மூவரும் பதவி விலகினார்கள். நெருக்கடி நிலையின்போது, பிரதமரின் தேர்தலை நீதிமன்றம் தொடக்கூடாது என்ற 39ஆவது திருத்தத்தின் பகுதியை, 1975 நவம்பரில் இந்தக் கோட்பாட்டைக் கொண்டே நீதிமன்றம் நீக்கியது. அதே மாதம் 1973 தீர்ப்பை மறுபரிசீலனை செய்ய ரே கூட்டிய 13 பேர் அமர்வு சில நாட்களிலேயே கலைக்கப்பட்டது. நெருக்கடி நிலையில் கைதானவர்கள் ஆள்கொணர்வு மனு போடலாமா என்ற வழக்கில் 1976இல் தனித்து நின்று மாறுபட்ட கன்னாவுக்கு, தலைமை நீதிபதி பதவி கிடைக்காமலே போயிற்று. இந்தக் கோட்பாட்டைக் காத்ததில் ஏட்டில் எழுதிய விதிகளைவிடச் சில மனிதர்களின் நெஞ்சுரத்துக்கே பங்கு அதிகம்.

திருத்த அதிகாரத்துக்கு எல்லையே இல்லை என்ற 42ஆவது திருத்தத்தின் பிரிவுகள் 1980இல் மினர்வா மில்ஸ் வழக்கில் வீழ்ந்தன. நீலகிரியின் கூடலூர் ஜன்ம நிலச் சட்டத்தை ஒட்டி எழுந்த வழக்கில், 1973 ஏப்ரல் 24க்குப் பின் ஒன்பதாம் அட்டவணையில் சேர்த்த சட்டங்களையும் இந்த நெறியில் சோதிக்கலாம் என்று 2007இல் முடிவாயிற்று. 2015இல் நீதிபதி நியமன ஆணையத்தையும் 4-1 என்று நீதிமன்றம் ரத்து செய்தது. தன் சொந்த அதிகாரம் பற்றிய வழக்கில் தானே நடுவராக இருந்ததால், இத்தீர்ப்பின் மீதான விமர்சனம் நியாயமானதே.

1973 தீர்ப்பை மாற்ற 13 பேரைவிடப் பெரிய அமர்வு தேவை. அத்தகைய அமர்வு இதுவரை கூடியதில்லை.